இருபது வயதுக்கு மேல் வாசிப்பில் விழுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி முடிந்தது, கல்லூரியும் முடிந்தது அல்லது முடியப்போகிறது. இத்தனை வருடத்தில் பாடப்புத்தகம் தவிர ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிற ஆளா நீங்கள்? இது உங்களுக்குத்தான். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளிவிட்டு, பொதுத்தேர்வு, நுழைவுத்தேர்வு என்று ஓட ஆரம்பித்ததும் அப்படியே விட்டுப்போனவர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த விஷயத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பாலானவை தலைகீழ். தினமும் இத்தனை பக்கம், வருடத்துக்கு இத்தனை புத்தகம், விடியற்காலையில் எழுந்து படி என்று பழக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிடிக்காத புத்தகத்தைத் தினமும் பத்துப் பக்கம் படித்தால் தினமும் பத்துப் பக்கம் எரிச்சல்தான் மிஞ்சும். உங்களைப் பிடித்து உட்காரவைக்கிற ஒரு புத்தகம் முதலில் வேண்டும், பழக்கம் அதன் பின்னாலேயே வரும். அதனால் இந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுக்க அந்த ஒரு புத்தகத்தைத் தேடுவது பற்றித்தான்.

இந்த வயதில் வருமா?

வரும். 2010-இல் பிரெஞ்சு மூளை ஆய்வாளர் ஸ்டனிஸ்லாஸ் தெஹேனின் குழுவினர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போர்ச்சுகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு அது. எழுத்தே தெரியாதவர்கள், சிறுவயதில் பள்ளியில் கற்றவர்கள், பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள் என மூன்று வகை ஆட்கள். எழுத்தைப் பார்த்ததும் சுறுசுறுப்பாகிற ஒரு பகுதி மூளையின் இடப்பக்கத்தில் உண்டு. வளர்ந்த பின் கற்றவர்களிடமும் அது உருவாகியிருந்தது. அ, ஆவிலிருந்து தொடங்கியவர்களுக்கே அப்படி என்றால், எழுத்து ஏற்கெனவே கைவசம் இருக்கிற உங்களுக்கு வயது ஒரு தடையாக இருக்க நியாயமில்லை.

என்னைக் கேட்டால், இருபதுகளில் தொடங்குவதில் ஒரு லாபம்கூட இருக்கிறது. பதினாலு வயதில் கையில் திணிக்கப்பட்ட பெரிய நாவல்கள் அப்போது சலித்ததற்குக் காரணம் உங்கள் மூளை இல்லை. வேலை போகும் பயம், கைவிட்டுப்போன காதல், வீட்டில் ஒரு சாவு, கையில் காசில்லாத மாதம் என்று எதையும் பார்க்காத வயதில், நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நாற்பது பக்கம் யோசிப்பதை எப்படி ரசிப்பது? இப்போது இதில் இரண்டு மூன்றையாவது பார்த்திருப்பீர்கள். அன்று மூடிவைத்த அதே புத்தகம் இன்று வேறு மாதிரி இருக்கும்.

படி 1: பரீட்சை வாசிப்பைக் கழற்றிவையுங்கள்

பத்துப் பதினைந்து வருடம் கேள்வி வரும் என்ற எதிர்பார்ப்போடுதான் படித்திருக்கிறோம். அந்தப் பழக்கம் லேசில் போகாது. ஒரு கதையின் இரண்டாம் பக்கத்திலேயே "இதில் முக்கியமான பாயிண்ட் என்ன" என்று மனசு தேடும், கை பென்சிலைத் தேடும், ஒரு பெயர் மறந்துபோனால் ஏதோ மார்க் குறைந்த மாதிரி ஒரு பதற்றம் வரும். இது உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறுகதையை எடுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடிக்கோடு, குறிப்பு, புகைப்படம் எதுவும் இல்லாமல் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அடுத்த நாள் அதில் ஏதாவது ஒன்று, ஒரு வீடு, ஒரு வசனம், ஒருத்தர் நடந்துகொண்ட விதம், தானாக ஞாபகம் வந்தால் அது போதும். எதுவுமே வரவில்லையென்றாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அடுத்த கதையை எடுக்கலாம்.

படி 2: ஏற்கெனவே எதில் நேரம் போகிறது என்று பாருங்கள்

"எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?" என்று நன்றாக வாசிக்கிற ஒருவரிடம் கேட்டால் அவருக்கு இப்போது பிடித்ததைச் சொல்வார். முப்பது வருடம் படித்தவருடைய ருசி அது, உங்களுக்கு எதற்கு? "வாழ்வில் படிக்கவேண்டிய நூறு நூல்கள்" வகைப் பட்டியல்களும் அப்படித்தான். அவற்றை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள், அப்போது உதவும்.

இப்போதைக்கு உங்கள் போனை எடுத்து யூடியூபில் கடைசி இரண்டு வாரம் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று ஹிஸ்டரியில் பாருங்கள். பிறருக்குக் காட்டுவதற்காக இல்லாமல், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீங்களாகத் தேடிப் பார்த்தவை. கொலை வழக்குகளா, விண்வெளியா, பழைய போர்களா, கால்பந்து வீரர்களின் வாழ்க்கையா, பேயா, பங்குச்சந்தையா? உங்கள் முதல் புத்தகம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறனில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். "எனக்கு வாசிப்பு வராது" என்று நாம் நினைக்கிற இடங்களில் பாதி, அந்த விஷயம் நமக்குப் பழக்கமில்லாத இடமாகத்தான் இருக்கும். தெரிந்த விஷயத்தில் தொடங்கினால் வாக்கியம் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நூலகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. உலகத்தின் ஏராளமான பொது நூலகங்களில் புத்தகங்கள் ட்யூயி தசம முறைப்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். 1876-இல் வந்த முறை, 000 முதல் 999 வரை எண்கள். விளையாட்டு 796, வானியல் 520, உளவியல் 150, குற்றம் சம்பந்தப்பட்டவை 364, இசை 780, பயணம் 910. உங்கள் ஹிஸ்டரியில் வந்ததற்கு எந்த எண் என்று பார்த்துக்கொண்டு நேராக அந்த அலமாரிக்கு முன் போய் நில்லுங்கள். நாவல்களைப் பெரும்பாலும் தனியாக ஆசிரியர் பெயர் வரிசையில் வைத்திருப்பார்கள். எதுவும் புரியவில்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்கிறது. இன்னொன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஆக, உங்களுக்கு உதவுவது அவர்களுடைய வேலை.

காமிக்ஸ், கிராஃபிக் நாவல், மங்கா, திரைப்படமாகப் பார்த்த கதையின் மூலநாவல், பதின்வயதினருக்கென்று எழுதியவை எல்லாமே கணக்கில் சேரும். அது இலக்கியமா இல்லையா என்ற சண்டையை மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

படி 3: ஐந்தாறு புத்தகத்தை ஒன்றாக எடுத்துச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாரோ சொன்ன ஒரே ஒரு புத்தகத்தை வாங்குகிறார்கள், முப்பதாவது பக்கத்தில் சிக்குகிறார்கள், "நமக்கும் புத்தகத்துக்கும் ஒத்துவராது" என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு இசையே பிடிக்காது என்று யாரும் சொல்வதில்லை.

ஐந்தாறு புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒரு மேசையில் உட்காருங்கள். நூலகம்தான் வேண்டும் என்றில்லை. மின்னூல் தளங்கள் நிறையப் புத்தகங்களுக்கு முதல் சில பக்கங்களை இலவச மாதிரியாகத் தருகின்றன. காப்புரிமை முடிந்தவற்றுக்கு 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமும், தமிழுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கின்றன. இரண்டும் இணையத்தில் மின்னூல் தருகிற திட்டங்கள், காசே வேண்டாம். பின்னட்டையை நம்பாதீர்கள், அது விற்பதற்காக எழுதியது. முன்னுரையையும் தாண்டிவிடுங்கள். பழைய நாவல்களுக்கு அறிஞர்கள் எழுதிய முன்னுரைகளில் கதையின் முடிவையே போட்டு உடைத்திருப்பார்கள். நேராக முதல் அத்தியாயம், மூன்று பக்கம். அப்புறம் புத்தகத்தின் நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்கம். முதல் பக்கத்தைப் பல ஆசிரியர்கள் ரொம்ப மெனக்கெட்டு எழுதியிருப்பார்கள், நூற்று நாற்பதாவது பக்கத்தில்தான் அவருடைய அன்றாட நடை தெரியும்.

அந்த நடுப்பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் வருகிற இடத்திலெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஹூ, நேஷன் என்ற இரு மொழியியல் ஆய்வாளர்கள் 2000-இல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில், யார் உதவியும் இல்லாமல் ஒரு கதை புரியவேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்கவேண்டும் என்று கண்டார்கள். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாமல் இருக்கலாம். இருநூறு சொல் உள்ள பக்கத்தில் நான்கு விரல் மடங்கினால் அது எல்லைக்கோடு. இரண்டு கை விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் மோசம் என்று அர்த்தமில்லை, இப்போதைக்கு வேண்டாம், அவ்வளவுதான். வேலைக்கு உதவும் என்று ஆங்கிலத்தில் தொடங்குகிற பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாசிப்பை ரசிப்பது ஒரு வேலை, மொழியை வளர்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் முதல் புத்தகத்தின் தலையில் ஏற்றாதீர்கள், எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் இன்னொரு விஷயம். வாக்கியங்கள் எங்கேயோ இடறுகின்றன, யார் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியவில்லை என்றால் பழி மூல ஆசிரியர்மேல் இல்லாமலும் இருக்கலாம். அதே நூலுக்கு வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு இருந்தால் முதல் பக்கத்தை இரண்டிலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் வேறு புத்தகமோ என்று தோன்றும்.

எது உங்கள் புத்தகம் என்று எப்படித் தெரியும்? மூன்று பக்கம் படிக்கிறேன் என்று உட்கார்ந்து எட்டாவது பக்கத்தில் இருப்பீர்கள். வேறு அடையாளம் தேவையில்லை.

படி 4: பிடிக்காததை விட்டுவிடுங்கள்

ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள், அப்புறமும் இழுக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது, நண்பர் பரிசாகக் கொடுத்தது, விருது வாங்கியது என்ற காரணமெல்லாம் செல்லாது. பாதியில் நிற்கிற ஒரு புத்தகம் செய்கிற பெரிய கெடுதல், அடுத்ததைத் தொடவிடாமல் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது. "அதை முடித்துவிட்டு இதை எடுக்கலாம்" என்று மேசைமேல் கிடக்கும், மாதங்கள் போகும், நீங்கள் எதையுமே படித்திருக்கமாட்டீர்கள்.

படி 5: நேரம், இடம், போன்

சரி, ஒரு புத்தகம் பிடித்துவிட்டது. இப்போதுதான் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

"நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்று வைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றின் வாலில் வாசிப்பைக் கட்டுங்கள்: பஸ்ஸில் உட்கார்ந்ததும், சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், படுக்கையில் சாய்ந்ததும். ஒன்றே ஒன்று போதும், இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம் என்றே வையுங்கள், 240 பக்க நாவல் 24 நாளில் முடிந்துவிடும். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று சொல்வார்கள், நம்பவேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்குப் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அதே ஆய்வில் வந்த ஆறுதலான செய்தி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பது. அதனால் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக்காட்டுகிற செயலிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். என் கருத்து, போடவே போடாதீர்கள். ஒரு நாள் அறுந்ததும் மொத்தமாக விட்டுவிடுகிற ஆட்கள்தான் அதிகம்.

போன் அடுத்த அறையில் இருக்கவேண்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது, சைலண்டில் போடுவது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஒரு பத்தி கொஞ்சம் கனமாக வந்ததுமே கை தன்னால் போகும், "இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்" என்று மேப்பைத் திறப்பீர்கள், ஒரு நோட்டிஃபிகேஷன் கண்ணில் படும், அரைமணி நேரம் கழித்து யாரோ ஒருவர் கார் கழுவுகிற ரீல்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புத்தகத்தை மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், தலையணைமேல் வைத்தால் ரொம்ப நல்லது, எடுக்காமல் படுக்கமுடியாது.

காகிதமா திரையா என்று கேட்பவர்களுக்கு: 2018-இல் டெல்காடோ குழுவினர் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தகவல் கட்டுரைகளைக் காகிதத்தில் படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருந்தது. கதை மட்டும் என்று வரும்போது அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே நாவலை எதில் வேண்டுமானாலும் படிக்கலாம். கிண்டில் போன்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளில் வேறு எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது என்பதே பெரிய வசதி. போனில் படிப்பதுதான் ஆபத்து, காரணம் எழுத்தின் அளவு இல்லை, பக்கத்திலேயே இருக்கிற மற்ற செயலிகள்.

படி 6: படிக்கும்போது வரும் சின்னச் சின்னத் தொல்லைகள்

கண் வரியில் ஓடிக்கொண்டே இருக்கும், மனசு நாளைக்கு மேனேஜரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும், பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் மேலே என்ன நடந்தது என்றே தெரியாது. எல்லோருக்கும் நடக்கும். எங்கே தவறவிட்டீர்கள் என்று வரிவரியாகத் தேடாதீர்கள், கடைசியாக ஞாபகம் இருக்கிற காட்சிக்குப் போய் அங்கிருந்து தொடருங்கள். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு வேலைசெய்யும்போது மனசு ஓடுவது குறையும்.

திரும்பிப் படிப்பது திறமைக்குறைவு என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. வாசிக்கும்போது கண் அசைவதைப் பல வருடம் அளந்தவர் கீத் ரேனர். நன்றாக வாசிக்கிறவர்களுக்கே கண் அசைவுகளில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கித்தான் போகின்றன என்று அவர் தொகுத்து எழுதியிருக்கிறார். வேகமும் புரிதலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கமுடியும் என்று அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2016-இல் வெளியானது. மூன்று மடங்கு வேகத்தில் படிக்கச் சொல்லித்தருகிறோம் என்கிற வகுப்புகளுக்குப் பணம் கட்டும்முன் இதை யோசியுங்கள். அப்புறம், பிடித்த கதையை வேகமாக முடித்து என்ன செய்யப்போகிறோம்?

பாத்திரங்களின் பெயர் குழம்பினால் புத்தகக்குறியாக வைக்கிற அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரஷ்ய நாவல்களில் இது கட்டாயம். ஒரே ஆளை ஒருவர் சொந்தப் பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து அழைப்பார், இன்னொருவர் குடும்பப் பெயரால் அழைப்பார், அம்மா செல்லப் பெயரால் அழைப்பார். மூன்று பேர் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அறுபது பக்கம் போய்விடலாம்.

தெரியாத சொல் வந்தால் உடனே அகராதிக்கு ஓடாதீர்கள். அது மூன்றாவது தடவை வந்தும் புரியவில்லையென்றால் பாருங்கள். நீளமான இயற்கை வர்ணனையைத் தாண்டிப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை.

படி 7: முடித்த அன்றே அடுத்ததைத் திறங்கள்

முதல் புத்தகத்தை முடித்த கையோடு ஒரு தெம்பு இருக்கும். அதைச் சாக்காக வைத்து ஒரேயடியாகப் பத்துப் புத்தகம் வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு, அடுக்கு அப்படியே இருக்கும். ஒன்று போதும், ஆனால் அது முடிப்பதற்கு முன்பே கையில் இருக்கவேண்டும். அன்றைக்கே அதன் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எதை என்று தெரியாவிட்டால், முடித்த புத்தகமே வழி சொல்லும். உங்களைக் கட்டிப்போட்டது அதில் எது என்று யோசியுங்கள். எழுதிய விதம் என்றால் அதே ஆசிரியரின் இன்னொன்று. நடந்த இடமோ காலமோ என்றால் அந்தக் காலத்தைப் பற்றிய வரலாற்று நூல். கடைசிவரை முடிச்சு அவிழாமல் இழுத்த விதம் என்றால் துப்பறியும் கதைகள். கட்டுரை நூலாக இருந்தால் கடைசியில் இருக்கிற நூற்பட்டியலைப் பாருங்கள், அந்த ஆசிரியரை வளர்த்த புத்தகங்கள் அங்கே இருக்கும். இப்படி நான்கைந்து போனபின் உங்களுக்கென்று ஒரு ருசி தெரிய ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் யாருடைய பட்டியலும் பயமுறுத்தாது.

படித்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருந்தால் நல்லது. ஒரே ஆள் போதும், பெரிய வாசகர் வட்டம் எல்லாம் வேண்டாம். கதைச்சுருக்கம் சொல்லாமல், "அவள் அந்தக் கடிதத்தை எரித்தது சரியா?" என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போடுங்கள், பேச்சு தானாக வளரும்.

படி 8: கொஞ்சம் கடினமானதைப் பக்கத்தில் வையுங்கள்

ஏழெட்டுப் புத்தகம் ஆனபின், எளிதாக ஓடுகிற ஒன்றும் மெதுவாகப் போகவேண்டிய ஒன்றுமாக இரண்டை ஒரே காலத்தில் வைத்துக்கொள்ளலாம். கடினமானதைக் காலையில் ஐந்து பக்கம், எளிதானதை ராத்திரி தூக்கம் வரும்வரை. அன்று விரல் மடக்கி ஒதுக்கிவைத்த புத்தகங்களை இப்போது திரும்ப எடுத்துப் பாருங்கள், மடங்குகிற விரல் குறைந்திருக்கும்.

நின்றுபோனால்

நிற்கும். வேலை மாறும், உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது காரணமே இல்லாமல் மூன்று மாதம் எதையும் தொடத் தோன்றாது. விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்று அந்தப் பாதிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். முன்பு ரொம்பப் பிடித்த ஒன்றை எடுத்து, பிடித்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள், அல்லது ஒரே மூச்சில் முடிகிற சிறுகதை ஒன்று. அதுவும் வேண்டாம் போலிருந்தால் நடக்கும்போது ஒலிப்புத்தகம் கேளுங்கள். இதில் எதுவுமே ஒட்டவில்லையென்றால் மறுபடி படி 2-க்குப் போய் ஹிஸ்டரியைத் திறங்கள், இந்த மூன்று மாதத்தில் நீங்கள் தேடிப் பார்ப்பது முழுக்க வேறொன்றாக மாறியிருக்கலாம்.